சட்டாம்பிள்ளையும் மணலெழுத்தும்: பாறசாலை எல்லையில் மொழி கற்பித்த வழிகள்

நவராத்திரிக்குச் சில நாள் முன்பு பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து ஓர் ஊர்வலம் புறப்படுவதைக் குமரி மாவட்டத்துக்காரர்கள் அறிவார்கள். உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறும். தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மேலும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் எழுந்தருள்வார்கள். முதல் இரவு குழித்துறை. மறுநாள் களியக்காவிளை, அங்கே தமிழகக் காவலர் விடைகொடுக்க, கேரளக் காவலர் அணிவகுத்து வரவேற்பார்கள். பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை போய் இரண்டாம் இரவு. அதற்கடுத்து திருவனந்தபுரம். விழா முடிந்ததும் வந்த வழியே திரும்புவார்கள்.

அந்தச் சரஸ்வதி, கம்பர் வழிபட்டுப் பின் சேர மன்னரிடம் வந்தவள் என்பது ஐதீகம். கம்பரின் கலைமகள் மலையாள நாட்டுக்குப் போய் வரும் அதே நாட்களின் முடிவில்தான், விஜயதசமியன்று, கேரளம் முழுக்கக் குழந்தைகள் அரிசியில் விரல் வைத்து 'ஹரிஸ்ரீ' எழுதுகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஏடு தொடங்குகிறார்கள். பச்சரிசி பரப்பிய தட்டு, பெரியவர் கைக்குள் குழந்தையின் சுட்டுவிரல், வாயில் ஒலி, விரலில் வடிவம். இரண்டு பக்கமும் முதல் பாடம் ஒன்றேதான்.

இரண்டாம் பாடத்திலிருந்துதான் வழி பிரிகிறது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையைச் சுற்றிய எல்லைச் சிற்றூர்களிலும் பிள்ளைகள் இரண்டு மொழிக் காற்றில் வளர்கிறார்கள். களியக்காவிளைச் சந்தையில் ஒரு காலைப்பொழுது நின்று கேட்டால் போதும். இந்தப் பக்கத்துக்காரர் "பறஞ்சேன்" என்பார், "ஓர்மை இல்லை" என்பார், தண்ணீரை 'வெள்ளம்' என்பார். அதைத் தமிழ் என்று நினைத்துத்தான் பேசுவார். அந்தப் பக்கத்துக்காரர் "எந்தரு அப்பீ" என்று பிள்ளையை அழைப்பார். வடக்கே கோழிக்கோட்டில் அந்த மலையாளத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள். மரச்சீனி இரு பக்கமும் மரச்சீனிதான், சக்கை இரு பக்கமும் சக்கைதான். இப்படிப்பட்ட பிள்ளை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும், பக்கத்து மொழி என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை என்பதுபோல் பாடம் நடக்கிறது. வீட்டுப் பேச்சு 'கொச்சை' என்று திருத்தப்படுகிறது. நான் சொல்ல வருவது இதுதான்: அந்தக் கொச்சைதான் இரு மொழிக்கும் நடுவே உள்ள பாலம். அதன் வழியே கற்பிக்கும் முறை இந்த மண்ணில் இருந்தது. இங்கிருந்து கடல் கடந்து போய் உலகத்துக்கே பாடம் சொன்ன முறையும் ஒன்று உண்டு.

முதலில் பழைய சான்று. விழிஞ்ஞத்தைத் தலைநகராகக் கொண்ட ஆய் மன்னன் கருநந்தடக்கன், கி.பி. 866இல் முன்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் விண்ணகரம் ஒன்று எழுப்பி, அதனோடு ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்றால் கல்விக்கூடம். காந்தளூர்ச் சாலையின் வழக்கப்படி அமைந்தது. 95 மாணவர்களுக்கு அங்கே இடம். 'ஹஜூர் ஆபீஸ் செப்பேடுகள்' என்று அறியப்படும் ஆவணம், சேர வருபவருக்குத் தகுதிகளை வகுக்கிறது. வியாகரணம் தெரிய வேண்டும், மீமாம்சை தெரிய வேண்டும். அவற்றோடு 'த்ரைராஜ்ய வ்யவஹாரம்', அதாவது சேர, சோழ, பாண்டிய அரசுகள் மூன்றின் நடப்பும் தெரிந்திருக்க வேண்டும். சேர, பாண்டிய நாடுகளுக்கு நடுவே இருந்த சிறிய நாடு ஆய் நாடு. அக்கம்பக்கத்து நாடுகளின் போக்கை அறியாதவனுக்கு அந்தப் பள்ளியில் இடமில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, அதே நிலப்பகுதியில், பக்கத்து மாநிலத்து எழுத்தைக்கூட வாசிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துவிட முடிகிறது.

அந்தச் சாலை வேதியர் பிள்ளைகளுக்கானது, ஊராருக்குத் திறந்ததல்ல. ஊர்ப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்காவது எழுத்து சொல்லிக்கொடுத்தவர் ஆசான். மலையாளத்தில் 'நிலத்தெழுத்தாசான்' என்பார்கள். பெயரிலேயே முறை இருக்கிறது. தரையில் மணல், மணலில் விரல். தமிழில் திண்ணைப் பள்ளிக்கூடம். எழுதுவதும் உரக்கச் சொல்வதும் ஒரே நேரத்தில் நடக்கும். பெரிய பையன் ஒருவன் சின்னப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வான், அவன் சட்டாம்பிள்ளை. பார்த்திவசேகரபுரச் செப்பேடு மாணவர்களைச் 'சட்டர்' என்கிறது. சட்டரும் சட்டாம்பிள்ளையும் ஒரே சொல்லின் கிளைகளோ என்று எனக்கு நினைக்கத் தோன்றுகிறது. அது என் ஊகம் மட்டுமே.

இந்தச் சட்டாம்பிள்ளை முறைதான் கடல் கடந்து போனது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகத்தின் கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துக்காரர். ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள் படித்த இடம் அது. பயிற்றுநர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று அவருக்கு ஓயாத வருத்தம். ஒருநாள் குதிரையில் போகும்போது 'மலபார் பள்ளிக்கூடம்' ஒன்றைக் கண்டார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். காப்பகத்தின் கீழ்வகுப்பிலும் மணலைப் பரப்பி எழுத்து சொல்லிக்கொடுங்கள் என்றார். பயிற்றுநர் முடியாது என்றார். அந்த வேலையை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்தார் பெல். எட்டு வயதுச் சட்டாம்பிள்ளை அதைச் செய்து காட்டினான்.

இங்கே 'மலபார்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். அன்றைய ஐரோப்பியருக்குத் தமிழரும் மலபாரிகள்தான். 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ்நூல் 'தம்பிரான் வணக்கம்', தன் மொழியை 'மலபார் தமிழ்' என்றே சொல்லிக்கொள்கிறது. முதல் தமிழ் அச்சுநூல்களில் ஒன்று இன்றைய கேரளத்துக் கொல்லத்தில் வெளிவந்ததும், சென்னையில் பார்த்த திண்ணைப் பள்ளியை 'மலபார்' என்று ஒருவர் எழுதியதும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். அயலார் கண்ணுக்கு இது ஒரே மொழி நிலமாகத் தெரிந்தது. அது பிழைதான்; என்றாலும் கற்பிப்பவர் கவனிக்க வேண்டிய பிழை.

பெல் 1796இல் ஊர் திரும்பி, மறு ஆண்டே தன் அனுபவத்தை நூலாக்கினார். 'சென்னை முறை' என்று அதற்குப் பெயர் விழுந்தது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் ஏழைப் பிள்ளைகளுக்கு இதை ஒத்த ஒரு முறையை நடத்தினார். இருவரில் யார் முன்னோடி என்று பெரிய சண்டையே நடந்தது. ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவே சட்டாம்பிள்ளைகள் என்ற அமைப்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் 1833இல் அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பள்ளி எழுந்தது. இன்றும் அதன் பெயர் மெட்ராஸ் காலேஜ்.

நம் திண்ணையை நான் பொன்னாகச் சொல்லவில்லை. அங்கே பிரம்பு இருந்தது, கோதண்டத் தண்டனை இருந்தது, காரணம் தெரியாத மனப்பாடம் இருந்தது. எல்லாவற்றையும்விட, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அங்கே இடமே இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். பெல் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: நேற்றுக் கற்றவன் இன்று கற்பவனுக்கு நல்ல ஆசிரியன். எந்த இடத்தில் தடுக்கி விழுந்தோம் என்பது அவனுக்கு இன்னும் மறந்திருக்காது.

இந்தச் சட்டாம்பிள்ளைப் பதவியைத் தன் பெயராகவே சுமந்த ஒருவர் திருவனந்தபுரத்தில் இருந்தார். 1853இல் கண்ணம்மூலையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பேட்டை ராமன்பிள்ளை ஆசானின் பள்ளியில் அவரைச் சட்டம்பியாக வைத்தார்கள். வகுப்புத் தலைமைக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். பிறகு அவர் மண் சுமந்தார், பத்திரம் எழுதினார், வக்கீல் குமாஸ்தாவாக இருந்தார், துறவியானார், பெயர் போகவில்லை. அவர்தான் சட்டம்பி சுவாமிகள். சுவாமிநாத தேசிகரிடம் தமிழ் கற்றார், கல்லிடைக்குறிச்சியில் சுப்பா ஜடாபாடிகளிடம் பல சாத்திரங்கள் கற்றார். திராவிட மொழிகளின் வேர் பற்றி 'ஆதிபாஷை' என்ற நூலையே தமிழில் எழுதினார். மலையாளிகள் தங்கள் மறுமலர்ச்சியின் மூலவர்களில் ஒருவராகக் கொண்டாடும் மனிதர், மொழி ஆராய்ச்சிக்குத் தமிழைக் கருவியாக எடுத்திருக்கிறார். அதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

அவருடைய தோழர் நாணு ஆசான். ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததால் வந்த 'ஆசான்' அது. பின்னாளில் நாராயண குரு. தைக்காட்டு அய்யாவு என்ற தமிழரிடம் இருவரும் யோகம் பயின்றார்கள். குரு மருத்துவாமலையில் தவம் இருந்தார். 1888இல் நெய்யாற்றங்கரையில், அருவிப்புறத்தில், ஆற்றுக்குள்ளிருந்து எடுத்த கல்லைச் சிவனாக நிறுத்தினார். அருவிப்புறம் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்து ஊர். சாதிக் கட்டை உடைத்த நிகழ்ச்சியாக அதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், வைத்திருக்க வேண்டியதுதான். மொழியாசிரியர் என்ற கோணத்தில் அவரைப் பார்ப்பவர்கள் குறைவு. மலையாளம், தமிழ், சமஸ்கிருதம் மூன்றிலும் எழுதினார். தேவாரப் பதிகங்கள் என்று தமிழிலேயே பாடினார். திருக்குறளின் சில அதிகாரங்களையும் 'ஒழிவில் ஒடுக்க'த்தையும் மலையாளத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு மொழியில் பெற்றதை இன்னொரு மொழிக்காரருக்கு எடுத்துக்கொடுப்பது ஆசானின் வேலை என்று அவர் வாழ்ந்து காட்டினார்.

எழுத்து யாருக்கு என்ற கேள்விக்கு இந்தப் பகுதி கொடுத்த விலை பெரிது. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளிக்குப் பள்ளி வாசல் மறுக்கப்பட்டிருந்தது. 1904இல் தம் மக்களுக்காக அவரே ஒரு பள்ளி தொடங்கினார், அதை எரித்தார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்க மாட்டோம் என்று புலையர் மக்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார். ஊரூட்டம்பலம் அரசுப் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துப் போனார். அந்தப் பள்ளியும் கொளுத்தப்பட்டது. எரிந்துபோன பள்ளியின் கரிந்த பெஞ்சு ஒன்றை இன்றும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை உட்கார்ந்து அகரம் எழுதவே இவ்வளவு நடந்த இடத்தில், அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வரும் பேச்சைக் 'கொச்சை' என்று ஒதுக்குவதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இனி வகுப்பறைக்குள் போவோம். தமிழ்ப் பிள்ளைக்கு மலையாளம், மலையாளப் பிள்ளைக்குத் தமிழ். எங்கிருந்து தொடங்குவது?

ஏ.ஆர். ராஜராஜ வர்மா 'கேரள பாணினீயம்' என்ற இலக்கணத்தை 1896இல் வெளியிட்டார். 1917இல் திருத்திய பதிப்பு வந்தது. தமிழிலிருந்து மலையாளம் எப்படி வேறுபட்டது என்பதை ஆறு 'நயங்களாக' அதில் வகுத்தார். தமிழ் மலையாளத்தின் தாயா, இரண்டும் ஒரு தாய் வயிற்று மக்களா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. ஆசிரியருக்கு அந்த வழக்கு தேவையில்லை. அந்த ஆறு நயங்களும் அவருக்கு ஆயத்தமாக இருக்கும் பாடத்திட்டம்.

கரும்பலகையில் மூன்று பத்தி போடலாம். முதல் பத்தியில் பாடநூல் தமிழ், நடுவில் வீட்டுப் பேச்சு, மூன்றாவதில் மலையாளம். எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கட்டும், எழுத்து பிறகு. தலை, தல, தல. மலை, மல, மல. ஐந்து, அஞ்சு, அஞ்சு. படித்தான், படிச்சான், படிச்சு. அடித்தான், அடிச்சான், அடிச்சு. ஐந்து வரி எழுதியதும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்: நடுப் பத்தியும் மூன்றாம் பத்தியும் கிட்டத்தட்ட ஒன்று. தமிழ்நாடு முழுக்கப் பேச்சில் வழங்கும் 'படிச்சான்', எழுத்தில் கொச்சை. எல்லை தாண்டினால் அதுவே இலக்கணம். இதைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளை தன் வாய்மொழியைப் பற்றி அதற்குப் பிறகு வெட்கப்படாது.

அடுத்த வரிசை மெல்லெழுத்து. மாங்காய், மாங்ங. தேங்காய், தேங்ங. கஞ்சி, கஞ்ஞி. மஞ்சள், மஞ்ஞள். வந்து, வந்நு. மலையாளத்தில் மெல்லெழுத்து தனக்குப் பின்னால் வரும் வல்லெழுத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ராஜராஜ வர்மா இதற்கு 'அநுநாசிகாதிப்ரசரம்' என்று பெயர் வைத்தார். பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம். பத்துச் சொல் கொடுத்துப் பதினோராவதைக் கேட்டால் சொல்லிவிடும். 'பஞ்சி' என்றால் 'பஞ்ஞி'. உடனே 'இஞ்சி' என்று கேட்டுப் பாருங்கள். 'இஞ்ஞி' என்று கை தூக்குவார்கள். மலையாளத்திலும் அது 'இஞ்சி'தான். விதிக்கு அடங்காத சொல்லை எதிர்கொள்ளும் அந்த நிமிடத்தில்தான் வகுப்பு மொழியியல் வகுப்பாகிறது.

மூன்றாவது இடம் வினைமுற்று. இங்கே இரு பிள்ளைகளுக்கும் ஒரே பாடம் செல்லாது. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள்; மலையாளத்தில் எல்லாருக்கும் 'வந்நு'. தமிழ்ப் பிள்ளை ஈறுகளைக் கழற்றிவிட்டால் மலையாளம் வந்துவிடும். மலையாளப் பிள்ளை ஒவ்வொரு ஈறாகத் தேடி எடுத்து மாட்ட வேண்டும். முதல்வனுக்கு இது ஒரு நாள் பாடம். இரண்டாமவனுக்கு ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி. எழுத்தில் நிலைமை தலைகீழ். தமிழில் ஒரே 'க'. மலையாளத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்து. எழுத்துக் கற்க மெனக்கெடுபவன் தமிழ்ப் பிள்ளை. ஆனால் வாசிக்கும்போது திண்டாடுபவன் மலையாளப் பிள்ளை: 'கடல்' என்பதில் ஒரு க, 'பகல்' என்பதில் ஒரு க, 'தங்கம்' என்பதில் இன்னொரு க, எழுத்து மாறவில்லை, ஒலி மாறுகிறது. சொல்லின் தொடக்கத்தில் வன்மை, இரு உயிர்க்கு நடுவே மென்மை, மெல்லெழுத்தை அடுத்தால் வேறொரு குரல் என்று இட விதியைச் சொல்லிக்கொடுக்காத ஆசிரியர் அவனை வருடக்கணக்கில் தடுமாற விடுகிறார்.

இந்த இரு மொழிகளும் ஒன்றுக்கொன்று கொடுக்க வேண்டியவை சில உண்டு. தமிழில் ந, ன என்று இரண்டு எழுத்து. பெரும்பாலான தமிழர் வாயில் இன்று இரண்டும் ஒரே ஒலி. மலையாளத்தில் எழுத்து ஒன்றுதான். ஒலி இரண்டும் உயிரோடு இருக்கிறது. 'என்னால்' என்ற பொருளில் ஒரு சொல், 'அப்படியானால்' என்ற பொருளில் ஒரு சொல். மலையாளத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவார்கள், வேறு வேறாகச் சொல்வார்கள். முதலாவது றன்னகரம், இரண்டாவது தந்நகரம். ஏன் நமக்கு இரண்டு நகரம் என்று தமிழ்ப் பிள்ளை கேட்டால், எழுத்துப்பிழை போடாதே என்று அதட்டுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மலையாளப் பிள்ளையை அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லலாம். அதேபோல், ஒரே எழுத்தை ஏன் இரண்டு விதமாக வாசிக்கிறோம் என்று அந்தப் பிள்ளை குழம்பினால், தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினால் கண்கூடாகப் புரியும். ஒவ்வொருவரிடமும் மற்றவருக்கான விடை இருக்கிறது.

பொருள் மாறும் சொற்களைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அவை வகுப்பைக் கலகலப்பாக்கும், ஆபத்தும் அவற்றில்தான். தமிழில் பட்டி ஊர், அல்லது ஆட்டுக்கிடை, மலையாளத்தில் நாய். தமிழில் சம்சாரம் மனைவி, மலையாளத்தில் பேச்சு. தமிழில் பனி குளிர்ச்சி, மலையாளத்தில் காய்ச்சல். "எனக்குப் பனி" என்று மலையாளப் பிள்ளை சொன்னால் தமிழாசிரியர் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நம் பழைய இலக்கணம் இந்தப் பேச்சைக் கீழாகப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொல்காப்பியம் செய்யுட் சொற்களை நான்காகப் பகுத்து, திசைச்சொல்லுக்கு அதில் இடம் கொடுத்தது. உரையாசிரியர்கள் எண்ணிய பன்னிரு நிலங்களில் குட்டம் உண்டு, குடம் உண்டு, வேணாடும் உண்டு. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் வேணாட்டு மண்தான். கொச்சை என்ற தீர்ப்பு பிற்காலத்துப் பள்ளிக்கூடம் எழுதியது.

ஒரு மொழியிலிருந்து பக்கத்து மொழிக்குப் போனவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு இந்தப் பகுதியே சாட்சி. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தேரூர்ப் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழை வாணன்திட்டு மடத்துச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். பிறகு நெடுங்காலம் ஆசிரியராக இருந்து, தமிழ்க் குழந்தைகள் பாடும் பாடல்களை எழுதினார். அவருடைய எளிமைக்கு அந்த இருமொழிப் பிள்ளைப்பருவமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். எது கடினம், எது இலகு என்று வெளியிலிருந்து வந்தவனுக்குத்தான் தெரியும். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் மலையாள வழியில் படித்தவர். 1997இல் 'சாய்வு நாற்காலி' தமிழுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 'செம்மீன்' நாவலைத் தமிழாக்கிய சுந்தர ராமசாமி தமிழ் எழுதப் படிக்கக் கற்றது இளைஞரான பிறகு.

வெளியூரிலிருந்து வந்தவர்களிலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். ஹெர்மன் குண்டர்ட் 1836இல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையில் தமிழ் பழகி, அந்தத் தமிழை ஊன்றுகோலாக வைத்து மலையாளத்துக்குள் நடந்தார். 1872இல் அவர் வெளியிட்ட மலையாள அகராதியில் சொல்லுக்குச் சொல் தமிழ் உறவு குறிக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மானியர் ஒருவருக்குச் சரியாகத் தெரிந்த வழி, எல்லையில் பிறந்த பிள்ளைக்கு இன்னும் காட்டப்படவில்லை.

நம் காலத்தில் இந்த வேலையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனவர் வ.ஐ. சுப்பிரமணியம். நாகர்கோவில் வடசேரிக்காரர், 1926இல் பிறந்தவர். கேரளப் பல்கலைக்கழகத்தில் தமிழும் மொழியியலும் கற்பித்தார். 1971இல் திராவிட மொழியியல் கழகத்தை உருவாக்கினார். மலையாள வட்டார வழக்குகளை ஊர் ஊராக, சமூகம் சமூகமாகத் திரட்டும் ஆய்வை நடத்தினார். பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். தமிழர் ஒருவர் மலையாளப் பேச்சு வழக்கை இவ்வளவு அக்கறையோடு சேகரித்தார் என்பதை இரு மாநிலத்து ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும்.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட ஒன்பது தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தம், மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்து தர வேண்டும் என்று 350ஏ பிரிவைச் சேர்த்தது. கோடு போட்ட கையே கோட்டுக்கு வெளியே விடுபட்டவர்களையும் நினைத்துக்கொண்டது.

அதன்படி கேரளம் தமிழ் வழிப் பாடநூல் அச்சிடுகிறது. தமிழ்நாடு மலையாளப் பாடநூல் அச்சிடுகிறது. 2006இல் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டத்தை இயற்றியது. சிறுபான்மை மொழிப் பள்ளிகள் தேர்வில் விலக்குக் கேட்டு நீதிமன்றம் ஏறின. 2017இல் கேரளம் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. இரு சட்டங்களின் நோக்கத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். தன் மண்ணின் மொழி தெரியாமல் ஒரு பிள்ளை வளரக் கூடாதுதான். எதைக் கற்க வேண்டும் என்று சட்டம் சொல்லிவிடும். எப்படி என்பதை ஆசிரியர்தான் சொல்ல முடியும். மதுரைப் பிள்ளைக்கும் கோட்டயத்துப் பிள்ளைக்கும் எழுதிய பாடத்தையே எல்லைப் பிள்ளைக்கும் கொடுத்தால் ஆசிரியர் கைகட்டித்தான் நிற்பார்.

வேறு இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டில், பாடத்தை ஒரு மொழியில் வாசித்து மற்ற மொழியில் எழுதும் பழக்கத்தை ஆசிரியர்கள் வகுப்பில் கொண்டுவந்தார்கள். கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் அதற்கு வெல்ஷ் மொழியில் பெயர் சூட்டினார். இன்று உலகம் முழுக்க அது ஆராயப்படுகிறது. கேரளத்திலேயே எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் 'ரோஷ்ணி' என்ற திட்டம் தொடங்கியது. வேலைக்காக வந்த வடமாநிலத்தவரின் பிள்ளைகளுக்கு, அவர்களின் மொழியிலிருந்தே மெல்ல மலையாளத்துக்கு அழைத்துப்போகும் முறை அது. ஒடியாவிலிருந்தும் வங்க மொழியிலிருந்தும் பாலம் கட்ட முடியுமென்றால், பாலம் தானாகவே கட்டிக்கிடக்கும் பாறசாலையில் என்ன தடை? மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தன் தென்மண்டல மையத்தில் பள்ளி ஆசிரியர்களுக்கு வேற்றுமொழி கற்பிக்கும் பத்து மாதப் படிப்பையும் நடத்திவருகிறது. ஆள் உண்டு, கருவி உண்டு.

இரு மாநிலக் கல்வித் துறைகளிடமும் என் வேண்டுகோள் சிறியது. ஆண்டுக்கு இரண்டு நாள், ஒரு நாள் குழித்துறையிலும் ஒரு நாள் நெய்யாற்றின்கரையிலும், எல்லைப் பள்ளிகளின் தமிழாசிரியர்களும் மலையாள ஆசிரியர்களும் ஓரிடத்தில் உட்காரட்டும். தங்கள் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வரட்டும். மூன்று பத்திச் சொற்பட்டியல் ஒன்றை, நூறு சொல் போதும், சேர்ந்து தயாரிக்கட்டும். அதை இரு அரசுகளும் எல்லைத் தாலுகாக்களின் ஒன்றாம் வகுப்புக்கு அச்சிட்டுக் கொடுக்கட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எல்லையில் மொழிப்பாடம் எடுக்கும் ஆசிரியரே, நாளைக் காலை உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளை வீட்டில் எந்த மொழி பேசுகிறது என்று கேளுங்கள். தமிழ் நேரத்தில் தமிழ் வீட்டுப் பிள்ளையையும், மலையாள நேரத்தில் மலையாள வீட்டுப் பிள்ளையையும் சட்டாம்பிள்ளையாக உட்கார வையுங்கள். கையில் பிரம்பு வேண்டாம். ஒரு தட்டு மணல் போதும்.